தண்ணீர் குடித்தும் தாகம் தீரவில்லையா? பேலியோ உணவும் ரமளான் நோன்பும்

(நம் அறக்கட்டளையின் மாதாந்திர மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில், மக்ரிப் தொழுகைக்குப் பின் பொதுநல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



ரமளானுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இப்போதே இந்தத் தலைப்பில் பேசுகிறேன் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். ஷஃபான் கடைசி வாரத்தில் பேசினால் பயன் இருக்காது. ஏன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

உக்கடம், கரும்புக்கடை, குனியமுத்தூர் பக்கம் இன்று தெருவுக்கு ஒருவராவது "சோறு விட்டுட்டேன் டாக்டர்" என்கிறார்கள். சிலர் பேலியோ என்கிறார்கள், சிலர் கீட்டோ என்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்த உணவுமுறை பரவியதற்குப் பெரிய காரணம் அமெரிக்காவில் வாழும் தமிழரான நியாண்டர் செல்வன் எழுதியவையும், 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' என்ற ஃபேஸ்புக் குழுவும்தான். காலையில் நூறு பாதாம், மதியம் காய்கறியோடு முட்டை, இரவில் கறி, நடுவில் பட்டர் டீ என்று இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். தொடங்கும் முன் இரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்வது அந்தக் குழுவின் நல்ல வழக்கம். நம்மவர்கள் பலர் அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு, பாதாமையும் கறியையும் எடுத்துக்கொண்டார்கள்!

கீட்டோ புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1921 இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர், வலிப்பு நோய்க்கான சிகிச்சையாக இதை முன்வைத்தார். அது மருத்துவர் கண்காணிப்பில் தரப்பட்ட சிகிச்சை. இன்றும் சில குழந்தைகளுக்கு வலிப்புக்காக அப்படித்தான் தரப்படுகிறது. அதே உணவை நாம் வாட்ஸப்பில் வந்த பட்டியலைப் பார்த்து நாளைக் காலையில் தொடங்குகிறோம்.

நான் இந்த உணவுமுறைக்கு எதிரி அல்ல. சோற்றையும் சர்க்கரையையும் குறைத்ததால் எடையும் சர்க்கரை அளவும் இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று வேளையும் அரிசி, அதோடு கல்யாணத்துக்குக் கல்யாணம் பிரியாணி, மாலையில் சம்சா, சர்க்கரை போட்ட டீ என்று வாழ்கிற நம் வீடுகளுக்கு மாவுச்சத்தைக் குறைப்பது நல்லதே. இன்று என் பேச்சு வேறு விஷயத்தைப் பற்றி. இப்படிச் சாப்பிடுகிறவர்களுக்கு வருகிற தாகம் பற்றியும், அந்தத் தாகத்துக்கு அவர்கள் செய்கிற தவறான வைத்தியம் பற்றியும்.

வழக்கமாக நான் பார்ப்பது இப்படி இருக்கும். ஒப்பணக்கார வீதியில் கடை வைத்திருப்பவர், வயது ஐம்பதுக்குள். பேலியோ ஆரம்பித்து ஒரு வாரம். மூன்று கிலோ குறைந்துவிட்டது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் நாக்கு வறள்கிறது, தலை வலிக்கிறது, ராத்திரி கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, ஸஜ்தாவில் இருந்து எழுந்தால் கண் இருட்டுகிறது. தண்ணீர் போதவில்லை என்று ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் குடிக்கிறார். குடிக்கக் குடிக்கச் சிறுநீராகப் போகிறது. தாகம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த மூன்று கிலோவில் பெரும்பகுதி கொழுப்பு அல்ல, தண்ணீர். நம் உடம்பு மாவுச்சத்தைக் கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் சேமித்து வைக்கிறது. பெரியவர் ஒருவரிடம் ஏறக்குறைய 400 முதல் 500 கிராம் வரை இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும். சோறு நின்றதும் அந்தச் சேமிப்பு கரைகிறது, அதோடு தண்ணீரும் போகிறது. இது ஒரு பாதி.

மறு பாதிதான் முக்கியம். சோறும் சர்க்கரையும் குறைந்தால் இன்சுலின் குறையும். இன்சுலினுக்குச் சர்க்கரை வேலை மட்டும் இல்லை. "சோடியத்தை வெளியே விடாதே, பிடித்து வை" என்று சிறுநீரகத்துக்குச் சொல்வதும் அதுதான். அது இறங்கியதும் சிறுநீரகம் உப்பைத் தாராளமாக வெளியேற்றுகிறது. உப்பு போகிற வழியில் தண்ணீரும் போகும். முதல் இரண்டு வாரத்தில் இது அதிகம். மக்கள் 'கீட்டோ காய்ச்சல்' என்று சொல்லும் தலைவலி, சோர்வு, எரிச்சல் எல்லாவற்றுக்கும் இந்த உப்பு இழப்பு முக்கியக் காரணம். கூடவே நாம் ஊறுகாய், அப்பளம், மிக்சர், பேக்கரிப் பண்டம் எல்லாவற்றையும் நிறுத்தியிருப்போம். நம் சாப்பாட்டில் உப்பு வருகிற பெரிய வழிகளில் இவையும் உண்டு. உள்ளே வருவதும் குறைந்தது, வெளியே போவதும் கூடியது.

இப்போது வெறும் தண்ணீரைக் குடித்தால் என்ன ஆகும்? தாகத்தைத் தூண்டுகிற கருவி மூளையில் இருக்கிறது. அது இரத்தத்தின் உப்புச் செறிவை அளக்கிறது. இரத்தத்தில் சோடியம் 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். உப்பும் தண்ணீரும் சேர்ந்து போனவருக்குத் தண்ணீரை மட்டும் கொடுத்தால், செறிவு குறைகிறது. "தண்ணீர் அதிகம்" என்று நினைத்துச் சிறுநீரகம் அதைக் கொட்டிவிடுகிறது. இரத்தத்தின் மொத்த அளவு மட்டும் நிரம்பாமலே இருக்கிறது. அதனால்தான் எழுந்தால் மயக்கம், வாய் வறட்சி. ஓட்டைக் குடத்தில் ஊற்றுவதுபோல. ஓட்டையை அடைப்பது உப்பு.

அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பது ஆபத்தும்கூட. 2002 ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. அதற்குப் பெரிய காரணம் ஓடும்போது அளவுக்கு மேல் குடித்ததுதான். சோடியம் மிகவும் இறங்கினால் குழப்பம், வாந்தி, வலிப்பு வரை போகும். வயதானவர்களுக்கு இது இன்னும் சுலபமாக வரும். "அத்தா ரெண்டு நாளா ஏதோ உளர்றார்" என்று பிள்ளைகள் கூட்டிவருவார்கள். சர்க்கரை சரியாக இருக்கும், சோடியம் 118 இல் இருக்கும்.

இதில் நம் ஊர்க்காற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடும். சென்னைக்காரர் சட்டை நனைந்ததைப் பார்த்தே தெரிந்துகொள்வார். நமக்கு வேர்த்ததே தெரியாது. கழற்றிப் போட்ட கறுப்புச் சட்டையின் முதுகில் வெள்ளைக் கோடு தெரிகிறதா பாருங்கள். அது உப்பு. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், வெல்டிங் பட்டறையில் நிற்கிறவர்கள், பிரியாணி அடுப்பருகில் வேலை செய்கிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

இப்போது நோன்புக்கு வருகிறேன்.

நம் ஊரில் நோன்பு சுமார் 13 மணி நேரம். நோன்பு நேரத்திலும் இன்சுலின் இறங்குகிறது, சேமித்த மாவுச்சத்து கரைகிறது. அதாவது, நோன்பாளி எல்லோரும் மாலைக்குள் கீட்டோவின் வாசல் வரை போய்த் திரும்புகிறார்கள். பள்ளிவாசலில் அவரைத் திருப்பி அழைத்துவருவது எது? நோன்புக் கஞ்சி. அதில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கொஞ்சம் கொத்துக்கறி, தேங்காய்ப் பால், உப்பு, நிறையத் தண்ணீர். வாந்தி பேதிக்கு நாங்கள் கொடுக்கிற உப்புக் கரைசலும் அடிப்படையில் இதே கணக்குதான். 1971 இல் வங்காள அகதி முகாமில், போங்கான் என்ற இடத்தில், டாக்டர் திலீப் மஹலநாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை வாய்வழியாகக் கொடுத்தே காலரா நோயாளிகளைக் காப்பாற்றினார். குடலில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்துத்தான் உள்ளே நுழைகின்றன, தண்ணீர் பின்னாலேயே வருகிறது. அரிசிக் கஞ்சியில் உப்புப் போட்டாலும் அதே வேலை நடக்கும். நம் முன்னோர் ஆய்வுக்கூடம் இல்லாமலே சரியான சட்டியை அடுப்பில் வைத்திருக்கிறார்கள்.

பேலியோக்காரர் என்ன செய்கிறார்? கஞ்சியில் அரிசி இருக்கிறது என்று ஒதுக்குகிறார். ஒரு பாட்டில் தண்ணீர், நான்கு கபாப், முடிந்தது. இரவு முழுக்கத் தண்ணீர். ஸஹரில் முட்டை, ஒரு லிட்டர் தண்ணீர் ஒரே மூச்சில். காலை ஒன்பது மணிக்குள் அந்த ஒரு லிட்டரும் கழிவறைக்குப் போய்விடும். மூன்றாம் நோன்பில் தராவீஹ் நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். ஷஃபான் கடைசியில் பேலியோ தொடங்கியவர்கள் இதில் அதிகம். உப்பு அதிகம் போகிற அந்த முதல் வாரங்களும் நோன்பும் ஒன்றாக வந்து விழுகின்றன. அதனால்தான் இப்போதே சொல்கிறேன்: தொடங்குவதானால் இந்த மாதமே தொடங்குங்கள். இல்லையென்றால் ஷவ்வால் பிறந்த பிறகு தொடங்குங்கள். ரமளானுக்கு முந்தைய மூன்று நான்கு வாரம் வேண்டாம்.

ஏற்கெனவே பழகிவிட்டவர், வேறு நோய் இல்லாதவர், மாத்திரை எதுவும் சாப்பிடாதவர் என்ன செய்யலாம்? இஃப்தாரில் ஒரு பெரிய கிண்ணம் ஆட்டெலும்பு சூப், கால் தேக்கரண்டி உப்போடு. பிறகு தராவீஹ் முடிந்து ஒரு டம்ளர் உப்புப் போட்ட நீர்மோர் அல்லது சர்க்கரை சேர்க்காத உப்பு எலுமிச்சைச் சாறு. ஸஹரில் மறுபடி கொஞ்சம் சூப் அல்லது மோர். தண்ணீரை இஃப்தாரிலிருந்து ஸஹர் வரை மணிக்கு ஒரு டம்ளராகப் பிரித்துக் குடித்தால் இரண்டு, இரண்டரை லிட்டர் உள்ளே தங்கும். உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் சொல்கிற அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு, அதாவது தட்டிய ஒரு தேக்கரண்டி. மாவுச்சத்தை மிகவும் குறைத்தவருக்கு இதற்கு மேல் சிறிது தேவைப்படலாம். ஆனால் அந்த அனுமதி நல்ல சிறுநீரகமும் நல்ல இரத்த அழுத்தமும் உள்ளவருக்கு மட்டும்.

உப்பு என்றால் சோடியம் மட்டும் அல்ல. பொட்டாசியமும் மெக்னீசியமும் உண்டு. முருங்கைக்கீரை, பாலக்கீரை, தேங்காய், பாதாம், பூசணி விதை இவற்றில் கிடைக்கும். கறியும் முட்டையும் மட்டும் சாப்பிட்டுக் காயைத் தொடாதவருக்குத்தான் கால் பிடிப்பும் மலச்சிக்கலும் விடாது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் திரவப் புரதத்தை மட்டுமே குடித்து எடை குறைக்கும் வழக்கம் பரவியது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலர் இதயத் துடிப்பு தடுமாறி. தரமற்ற புரதமும் தாதுக் குறைவும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. நம் பேலியோ அந்த அளவுக்குப் போகாது. ஆனால் தாது உப்பு அழகுக்காகச் சொல்கிற விஷயம் அல்ல என்பதற்காகச் சொன்னேன்.

இனி மாத்திரை சாப்பிடுகிறவர்கள். இந்தக் கூடத்தில் பாதிப் பேருக்கு மேல் இருப்பீர்கள். தயவுசெய்து இந்தப் பகுதியைக் கவனமாகக் கேளுங்கள்.

சர்க்கரைக்கு டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் என்று 'ஃப்ளோசின்' என முடிகிற மாத்திரைகள் உண்டு. 2020 இல் டாபாக்லிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் முடிந்ததும் பல கம்பெனிகள் தயாரித்து, விலை இறங்கி, இன்று ஏராளமானோர் சாப்பிடுகிறார்கள். நல்ல மருந்துதான். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பு. ஆனால் அது வேலை செய்வதே சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றி. கூடவே தண்ணீரும் உப்பும் போகும். இதோடு சோற்றையும் நிறுத்தி, நோன்பும் வைத்தால், இரத்தத்தில் கீட்டோன் அமிலம் அளவு கடந்து சேரலாம். 2015 மே மாதமே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதை எச்சரித்தது. இதில் ஒரு கண்ணி உண்டு. வழக்கமாக இந்த ஆபத்து வரும்போது சர்க்கரை 300, 400 என்று காட்டும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு 180, 200 என்றுதான் காட்டலாம். "சுகர் நல்லாத்தானே இருக்கு" என்று வீட்டில் படுக்க வைத்துவிடுவார்கள். வாந்தி, வயிற்று வலி, வேகமாக ஆழமாக மூச்சு வாங்குதல் இருந்தால், மீட்டர் என்ன காட்டினாலும் நோன்பை முறித்துவிட்டு மருத்துவமனைக்கு வாருங்கள். மாத்திரை உறையையும் கொண்டு வாருங்கள். இந்த மாத்திரையும் கடுமையான பேலியோவும் சேர்ந்து இருக்கவே கூடாது.

கிளிமிபிரைடு, இன்சுலின் ஊசி போடுகிறவர்கள் சோற்றை நிறுத்திவிட்டுப் பழைய அளவையே தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்குவார்கள். பிரஷர் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'ஹெச்' என்ற எழுத்து இருந்தால், பெரும்பாலும் அதில் சிறுநீரைப் பெருக்கும் மருந்து கலந்திருக்கிறது. பேலியோவில் பிரஷர் தானாக இறங்கும், மாத்திரையும் இறக்கும், நோன்பும் இறக்கும். பிறகு உப்பைக் கூட்டுவதா, மாத்திரையைக் குறைப்பதா என்பதை நீங்கள் முடிவு செய்யக் கூடாது. பெரும்பாலும் மாத்திரையைக் குறைப்பதுதான் சரியான பதிலாக இருக்கும், அதை உங்கள் மருத்துவர் அளந்து செய்வார்.

டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறவர்களுக்கும், கிரியாட்டினின் கூடியவர்களுக்கும் இதற்கு நேரெதிர் ஆபத்து. இவர்கள் உடம்பில் பொட்டாசியம் தேங்கும். ஓர் இளநீரில் 500 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியம் இருக்கிறது. பொள்ளாச்சி இளநீர் நல்லதுதான், ஆனால் இவர்கள் இஃப்தாருக்கு இரண்டு, ஸஹருக்கு ஒன்று என்று குடித்தால் இதயத்துடிப்பே பாதிக்கப்படலாம். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதும் பொட்டாசியம் குளோரைடு கலந்ததுதான். இவர்களுக்கு வேண்டாம்.

கருவுற்றவர்களும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இந்த உணவுமுறைப் பக்கமே போகக் கூடாது. பால் கொடுத்துக்கொண்டே மாவுச்சத்தை நிறுத்திய ஒரு தாய்க்கு, சர்க்கரை நோயே இல்லாமல் கீட்டோன் அமிலம் ஏறியதை ஸ்வீடன் மருத்துவர்கள் 2015 இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

தாகம் எடுத்தால் எல்லாமே பேலியோவால் என்றும் எண்ணிவிடாதீர்கள். இரத்தச் சர்க்கரை 180ஐத் தாண்டினால் சிறுநீரில் வழியத் தொடங்கும், தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அந்தத் தாகமும் இதே மாதிரிதான் இருக்கும். விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். அப்படிப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பது ஆலிம்கள் பலரும் சொல்லும் கருத்து. சர்க்கரை 70க்குக் கீழே போனாலோ 300க்கு மேலே போனாலோ நோன்பை முறிக்க வேண்டும் என்பது உலக அளவில் ரமளானுக்கென்று மருத்துவர்கள் வகுத்த நெறிமுறை. நோயாளிக்கு வேறு நாளில் நோற்கும் சலுகை சூரத்துல் பகராவின் 184, 185 ஆம் வசனங்களில் இருக்கிறது. மஃக்ரிபுக்கு இன்னும் அரை மணி நேரம்தானே என்று பல்லைக் கடிக்கிற பெரியவர்களுக்கு அருகில் இருப்பவர்கள் இதை நினைவூட்டுங்கள்.

சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகள் சில இருக்கின்றன. "இந்துப்பு போட்டால் நல்லதா?" இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். நிறமும் விலையும் வேறு. அயோடின் சேர்த்த சாதா உப்பே போதும்.

"பேரீச்சம்பழத்தில் சர்க்கரை இருக்கிறதே, பேலியோவில் நோன்பு திறக்கலாமா?" ஒரு பழத்தால் எதுவும் கெட்டுப்போகாது. சுன்னத்தை விட வேண்டாம். தட்டு நிறைய எடுப்பதுதான் பிரச்சினை. கஞ்சியும் அப்படித்தான். அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தால் கீட்டோ கலையும், உண்மை. ரமளானில் கொஞ்சம் கலையட்டுமே என்பது என் அபிப்பிராயம். சோற்றைப் பாதியாகக் குறைத்து, பண்டங்களை நிறுத்தி, கஞ்சியை வைத்துக்கொண்டாலே பலருக்கு எடை குறையும்.

"கடையில் டப்பாவில் விற்கிற ஓ.ஆர்.எஸ். குடிக்கலாமா?" பழச்சுவைப் பானங்களை அந்தப் பெயரில் விற்றார்கள். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடி, 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பானங்களில் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. மருந்துக்கடையில் உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று அச்சிட்ட பொட்டலம் வாங்குங்கள். ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு. வாந்தி, பேதி, மயக்கம் என்றால் பேலியோ கெட்டுவிடும் என்று யோசிக்காமல் அதைக் குடியுங்கள்.

இஷாவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பிரஷர் பார்க்கும் கருவியும் சுகர் மீட்டரும் கொண்டுவந்திருக்கிறேன். பேலியோவில் இருப்பவர்கள் முதலில் வாருங்கள். படுத்தபடி ஒரு முறை, எழுந்து நின்று மூன்று நிமிடம் கழித்து ஒரு முறை பிரஷர் பார்ப்போம். மேல் அளவு 20 புள்ளிக்கு மேல் இறங்கினால் உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்திருக்கலாம். சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்திருப்பவர்கள் அடுத்த வாரம் மாத்திரை உறைகளைப் பையில் போட்டு எடுத்து வாருங்கள், இன்ஷா அல்லாஹ் ஒவ்வொன்றாகப் பார்த்து ரமளானுக்கான அளவை உங்கள் மருத்துவருக்கு எழுதித் தருகிறேன்.